எனக்கென்ன என்று சொன்னவர்

ஜெகதாப்பட்டினத்து ஐஸ் கம்பெனி ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் கம்ப்ரஸர் நின்றுபோனது. மறுநாள் படகுகள் கடலுக்குப் போகும் நாள். தொட்டியில் அத்தனை கேன்களிலும் தண்ணீர் பாதி உறைந்தும் உறையாமலும் கிடந்தது. முதலாளி கம்ப்ரஸர் அறை வாசலில் நின்று கத்து கத்தென்று கத்தினார். உள்ளே பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிதானமாக எழுந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பல் தெரியச் சிரித்து, தலையை லேசாகச் சாய்த்து, இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொன்னார். முதலாளி அப்படியே அடங்கிப்போனார்.

பிறகு முதலாளி என் மேசைக்கு வந்து, "பாத்தியா, என்ன மரியாதையாப் பதில் சொல்றாருன்னு? இருபது வருஷத்துக்கு மேல வெள்ளைக்காரனோட கப்பல்ல இருந்தவரு. அதான் பேச்சே ஒரு தினுசா இருக்கு" என்றார்.

நான் பேனாவைக் கீழே போட்டுவிட்டு, அதைத் தேடுகிற சாக்கில் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன். பெல்ட் கழற்றியவர் சொன்னதற்கு நல்ல தமிழில், "உங்கள் கத்தலுக்காக நான் ஓர் எலியின் பின்பக்கத்தைக்கூடக் கொடுக்க மாட்டேன் ஐயா" என்று பொருள். நல்ல தமிழ் வேண்டாம் என்றால் பின்பக்கத்துக்கு வேறு சொல் போட வேண்டும்.

புதுக்கோட்டையில் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள் நான். இதெல்லாம் பாடத்தில் வராது. ஹாஸ்டலில் ஒரே லேப்டாப்பை ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து பார்த்த படங்களில் வரும். அந்தப் படிப்புதான் உத்தியோகத்தில் முதலில் உதவியது.

மறுநாள் டீ நேரத்தில் அந்தக் கம்ப்ரஸர்காரர் டோக்கன் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். வருகிறவர்களுக்கு இத்தனை பார் ஐஸ் என்று டோக்கன் கிழித்துக் கொடுப்பதுதான் என் வேலை.

"பேனா கெடச்சிருச்சா ஆத்தா?"

"எந்தப் பேனாங்கண்ணே?"

"நேத்துத் தொலைச்சியே, அது."

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். துறைமுகம் முழுவதிலும் அவர் பேசுவது புரிகிற ஆள் நான் ஒருத்திதான் என்பது அன்று எங்கள் இருவருக்கும் தெரிந்துபோயிற்று. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னவெல்லாம் நடக்காமல் போயிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். யோசித்து ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நல்ல கறுப்பு. காதோரம் மட்டும் நரை. வளைகுடாவில் எண்ணெய்க் கப்பல்களை இழுத்துவரும் டக் படகில் இன்ஜின் அறையில் இருந்தவர். ஊரில் அவரை டக்குக்காரர் என்றுதான் சொல்வார்கள். எதற்கும் கவலைப்படமாட்டார். கவலைப்படமாட்டேன் என்று சொல்வதற்கு ஒவ்வொரு அளவிலும் ஓர் இங்கிலீஷ் வசவு வைத்திருந்தார். கரண்ட் போனால் ஆந்தை, அதாவது ஓர் ஆந்தை அலறலைக்கூடக் கொடுக்க மாட்டார். முதலாளி கத்தினால் எலி. வீட்டு வரி, ரேஷன் கார்டு, ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் எல்லாருக்கும் பொதுவாக 'டேம்'. எல்லாவற்றையும் அதே சிரிப்போடு, அதே தலைசாய்ப்போடு சொல்வார். கேட்டவர்கள் கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு தடவை கோயில் கமிட்டிக்காரர்கள் நன்கொடைப் புத்தகத்தோடு வந்தார்கள். அவர் சொன்னதைக் கேட்டு அவர்கள் முகம் மலர்ந்த மலர்ச்சியை நான் மறக்க மாட்டேன்.

அந்த வசவுகளுக்கு வம்ச வரலாறு உண்டு. ஒருநாள் கண்டென்சர் குழாயைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். அவர் முதலில் ஏறிய டக்கின் கேப்டன் ஒரு கிழவராம். அவர் 'டேம்' என்பதைத் தாண்டமாட்டாராம். அந்தக் கேப்டனுடைய தாத்தா காலத்தில் அந்தச் சொல்லைப் பெண்கள் இருக்கிற அறையில் சொல்லிவிட்டால் தலை குனிய வேண்டியதுதானாம். அச்சில் போட்டால்கூட முதல் எழுத்தைப் போட்டுவிட்டு மிச்சத்துக்குக் கோடு இழுத்துவிடுவார்களாம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதில் கப்பலுக்குள் பெரிய சண்டை. அது இந்தியாவில் ஓடிய ஒரு செப்புக்காசின் பெயர், பட்டாளத்தான் இங்கிருந்து எடுத்துக்கொண்டு போனான் என்பது கேப்டன் கட்சி. கட்டுக்கதை, நரகத்துக்குப் போ என்கிற சாபம்தான் அது என்பது சீஃப் இன்ஜினியர் கட்சி.

"இதுல எதுங்கண்ணே சரி?"

"நம்ம ஊர்ல அம்மன் காசு பெறாதும்பாகள்ல, அது மாதிரி காசாவும் இருக்கலாம். சாபமாவும் இருக்கலாம். எதுவா இருந்தா என்ன?" என்று அந்தக் கேள்விக்கும் ஓர் ஆந்தையைப் பறக்கவிட்டார்.

பிறகு வந்த கேப்டன்களுக்கு 'டேம்' போதவில்லை. ஆந்தை வந்தது, குரங்கு வந்தது, எலி வந்தது. கடைசியாக வந்த சின்னப் பையன்கள் 'எஃப்' எழுத்தில் தொடங்குவதைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. அதையும் இறக்கை கட்டிப் பறக்கவிடுகிறார்கள் என்றார்.

"சொல்லு தேயும் ஆத்தா, செருப்புத் தேயிற மாதிரி. தேஞ்சா ஒறைக்காது. ஒறைக்கலேன்னா இன்னும் நாறுனதா ஒண்ணைத் தேடுவான்."

"நம்மகிட்ட ஒண்ணே ஒண்ணுதான இருக்கு" என்றேன். வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கூச்சம்.

"மயிருதான? சொல்லேன், என்ன இப்ப? நம்மாளு 'போனா மயிரு போச்சு'ங்கறான். கையில இருந்தது போயிருச்சு, போகட்டுமுங்கறான். வெள்ளைக்காரன் கொடுக்கவே மாட்டேங்கறான். இல்லாத எலிய வச்சுக்கிட்டு எம்புட்டு கெட்டிப்பிடி பாரு."

பழைய பாட்டுகளில் மயிர் நல்ல சொல், ராணிகளின் தலையில் இருந்தது என்று என் படிப்பைக் காட்டினேன். சுரண்டுவதை நிறுத்தினார்.

"அப்ப அவங்களுது கெட்ட வார்த்தை தேஞ்சு நல்லதாகுது. நம்மளுது நல்ல வார்த்தை தேஞ்சு கெட்டதாயிருச்சு" என்றார். இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ஏதோ இழப்பு நேர்ந்தவர் மாதிரிகூட எனக்குத் தோன்றியது. சரியாகத் தெரியவில்லை.

அவர் விஷயத்தில் எதுவுமே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவருக்கு ஒரு மகள் இருப்பது கல்யாணப் பத்திரிகை கம்பெனி விலாசத்துக்கு வந்தபோதுதான் தெரியும். மனைவி பல வருடங்களாகக் குடுமியான்மலைப் பக்கம் தன் அண்ணன் வீட்டில் இருந்தார். அங்கே மலைக்கோயிலில் கல்யாணம். பத்திரிகையில் தகப்பன் என்று இவர் பெயரை ஒழுங்காகப் போட்டிருந்தார்கள்.

"போகலீங்களாண்ணே?"

அந்தப் பறக்கும் 'எஃப்' வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டது அன்று ஒரு தடவைதான். கல்யாணத்தன்று வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். மகளுக்காகத்தான் என்று நினைத்தேன். ஆனால் மத்தியானம் கேன் தூக்குகிற ஆள் ஒருவருடைய மகளின் சடங்குக்கு அதே சட்டையோடு போய், மூன்று தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பல் குத்திக்கொண்டே திரும்பி வந்தார். அந்தச் சட்டை எந்த விசேஷத்துக்காகத் தேய்த்தது? பத்திரிகை ஒரு வாரம் அவர் பையில் இருந்தது. அப்புறம் ஆடிக்கொண்டிருந்த ஆயில் டின்னுக்கு அடியில் மடித்து வைத்து அண்டை கொடுத்திருந்தார்.

"எப்புடிண்ணே இப்புடி இருக்கீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

"சொல்லிப் பாரு ஆத்தா. நெஞ்சு லேசாயிரும்."

அன்று சாயங்காலம் என் மாமியார் குழம்பில் உப்பு இல்லை என்று ஆரம்பித்தபோது முணுமுணுப்பாகச் சொல்லிப் பார்த்தேன். லேசாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்?

அடுத்த தடைக்காலம் வந்தது. மீன் பிடிக்கத் தடை இருக்கிற அந்த இரண்டு மாதங்களில்தான் படகுகளைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்பார்கள். என் வீட்டுக்காரர் வேலைபார்த்த படகின் முதலாளி ஐஸ் கம்பெனிக்கு வந்தார். எல்லாப் படகிலும் சாமி பெயரும் தலைவர் படமும்தான் இருக்கின்றன, தன்னுடையது கப்பல் மாதிரித் தெரிய வேண்டும், கேபின் நெற்றியில் இங்கிலீஷில் கம்பீரமாக ஒன்று எழுத வேண்டும் என்றார். கப்பல்காரரைவிட அதற்குப் பொருத்தமான ஆள் யார்?

டக்குக்காரர் ஒரு டோக்கனின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். 'டோன்ட் கிவ் எ டேம்.'

"இதுக்கு என்னங்க அர்த்தம்?"

"எதுக்கும் அஞ்சமாட்டோம்னு அர்த்தம்."

படகுக்காரருக்குப் பரம சந்தோஷம். இருந்தாலும் வியாபாரி. சீட்டை என்னிடம் நீட்டினார். "நீ படிச்ச பிள்ளையில்ல தாயி, சரியா இருக்கா பாரு."

நான் டக்குக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்டது உற்சாகம். நடுக்கடலில் எல்லாக் கப்பலுக்கும் எதிரே என் புருஷன் தலைக்கு மேல் அந்த வாக்கியம் போகும் என்று நினைத்தபோது, பயந்து பயந்து ஒவ்வொரு பயணத்துக்கும் அவரை அனுப்பி வைத்த எனக்கு ஏதோ பழிவாங்கினது போல இருந்தது. யாரைப் பழிவாங்கினேன், தெரியாது. "எழுத்தெல்லாம் சரியா இருக்குங்க" என்றேன். அதோடும் நிற்கவில்லை. பெயின்டர் எழுதி முடித்ததைப் பார்க்கப் போனபோது, 'டோன்ட்'டில் கடைசி இரண்டு எழுத்துக்கு நடுவே மேலே போட வேண்டிய சுழியை விட்டிருந்தார். ஏணியில் திரும்ப ஏறச் சொல்லி அதைப் போட வைத்தவள் நான்.

தடை முடிந்து நான்காவது பயணத்திலோ ஐந்தாவதிலோ படகு பிடிபட்டது.

காலையில் போனில் படம் வந்தது. எல்லை தாண்டியதாக அந்தப் பக்கத்து ரோந்துக் கப்பல் மூன்று படகுகளைப் பிடித்திருந்தது. படத்தில் எங்கள் படகுதான். ஐந்து பேரும் முன்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். இடமிருந்து இரண்டாவது என் வீட்டுக்காரர். அவர் தலைக்கு நேர் மேலே, கொட்டை எழுத்தில், சுழி உட்பட எல்லாம் சரியாக, அந்த வாக்கியம். மத்தியானத்துக்குள் அந்தப் படம் எங்கெங்கோ போய்விட்டது. சென்னையில் இருக்கிற யார் யாரோ சிரிப்புப் பொம்மை போட்டார்கள். வீரன் என்றார்கள், சிங்கம் என்றார்கள். சிங்கம் கைலியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத்தான் தெரிந்தது.

எனக்கு ஒரே நினைப்பு. படித்திருப்பார்களா? பிடிக்கிறவன் இங்கிலீஷ் படித்தவனாக இருப்பானே. படித்துவிட்டு வெறிபிடித்து அடித்திருப்பானா? சொல்லித் தடுக்கக்கூடிய ஒரே ஆள் நான். தடுக்காமல் சுழி போட்டவள்.

கம்பெனிக்குப் போய் அவரிடம் கேட்டேன். அழுதுகொண்டே கேட்டேன். "அண்ணே, அந்த எழுத்தப் பாத்து அடிச்சிருப்பாங்களாண்ணே?"

அவர் பிரஷர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே ஆந்தையைச் சொன்னார். கரண்ட் போனால் சொல்கிற அதே ஆந்தை.

அந்தக் கணத்தில் அவர் மேல் எனக்கு வந்த வெறுப்பை எப்படிச் சொல்ல? ஐஸ் தொட்டியிலிருந்து கை நிறைய உப்புத் தண்ணீரை அள்ளி அவர் முகத்தில் அடிக்கலாம் போல இருந்தது. காவலைப் பதினைந்து பதினைந்து நாளாக நீட்டிக்கொண்டே போனார்கள். நாங்கள் பெண்கள் எல்லாம் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தோம். அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மனுக் கொடுக்கக் கலெக்டர் ஆபீஸுக்கு வேன் வைத்துப் போனோம். அவர் வரவில்லை. இரண்டு மாதமும் என்னிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. டோக்கன் ஜன்னல் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். நெஞ்சு லேசானவருக்கு என்ன கேடு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருவழியாக விட்டார்கள். படகு அங்கேயே போயிற்று, ஆட்கள் மட்டும் சென்னைக்கு விமானத்தில் வந்து, வேனில் ஊருக்கு வந்தார்கள். என் வீட்டுக்காரர் இளைத்திருந்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தேன். ஒரு காயமும் இல்லை.

"என்னத்தத் தேடுற?"

"அடிச்சாங்களா?"

"அதெல்லாம் இல்ல. மத்த ரெண்டு போட்டும் அம்மன் பேரு எழுதுனதுதான், எல்லாத்தையும் ஒண்ணாத்தான் வளைச்சான். ஆனா நம்ம போட்டுல ஏறுனவன் கேபின்ல இருக்கறதப் படிச்சான் பாரு, விழுந்து விழுந்து சிரிச்சான். இன்னும் நாலு பேரை அங்கிட்டிருந்து கூப்புட்டுக் காட்டுனான். எனக்கு ஒரு சிகரெட்டு குடுத்தான். அதுல என்னதான் எழுதியிருக்கு?"

"அஞ்சமாட்டோம்னு" என்றேன்.

"அதுக்கா அப்புடிச் சிரிச்சான்?"

மறுநாள் வேலைக்குப் போனேன். ஜன்னலைத் திறந்ததும் அவர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. அப்படி நெருக்கத்தில் அவரைப் பார்த்தே இரண்டு மாதமாகியிருந்தது. காதோர நரை தலை முழுக்க ஏறியிருந்தது.

"வந்துட்டாராமுல்ல?"

"வந்துட்டாருண்ணே."

"அந்த எழுத்த..." என்று நிறுத்தினார். "அவங்க படிச்சாங்களாமா?"

"படிச்சாங்களாம்."

"படிச்சுட்டு?"

உண்மை வாயில் இருந்தது. சிரித்தார்களாம் அண்ணே, சிகரெட் கொடுத்தார்களாம் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாளில் அந்த முகம் ஒரு பதிலுக்காகக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

"கேக்காதீங்கண்ணே" என்றேன்.

ஜன்னல் கட்டையில் வைத்திருந்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். உதடு அசைந்தது. ஆந்தையோ எலியோ வரும் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. இங்கிலீஷிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. உள்ளே போய்விட்டார்.

எனக்கு நிறைவாக இருந்தது. இதைத்தான் இன்றுவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை. என் புருஷன் முழுசாக வீடு திரும்பிவிட்டார், கோபத்துக்கு இனிமேல் வேலை இல்லை. டக்குக்காரருக்கு மனசு இருக்கிறதா என்று எத்தனை நாள் குழம்பியிருக்கிறேன். இருப்பது தெரிந்த அந்த நிமிஷத்தில் எனக்கு அதை மிதிக்கத்தான் தோன்றியது. சுழி வைத்த என் பங்கையும் சேர்த்து அவர் தலையில் கட்டிவிட்டேனோ? அப்படியும் இருக்கலாம். அவரை எனக்குப் பிடிக்கும் என்பதும் நிஜம்.

அதற்கப்புறம் அவர் வேலைக்கு வரவில்லை. திரும்ப வளைகுடாவுக்கே போய்விட்டார் என்று சிலர் சொன்னார்கள். மகள் வீட்டில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். போன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. முதலாளி மட்டும் ரொம்ப நாள் வருத்தப்பட்டார், அப்படி மரியாதையாகப் பேசுகிற ஆள் இனிக் கிடைக்கமாட்டான் என்று.

ஜன்னலில் வந்து கேட்ட அன்று மத்தியானம் அவர் கம்ப்ரஸரை அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கேட் வரை ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார். கேட்டில் ஐஸ் வண்டி ஒன்று நுழைந்ததால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். நான் கூப்பிடவில்லை.